யாருடைய அலுமாரி?

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

கொடிகாமத்தில் நாங்கள் குடியிருக்கும் சின்ன வீட்டுக்கு வந்து போகிறவர்கள் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "என்ன ரீச்சர், வெள்ளைக்காரன்ர கிராமத்து வீடு மாதிரி வச்சிருக்கிறியள்? சாமான் எல்லாம் எங்க வாங்கினீங்கள்?" சிலர் படம் எடுத்துக்கொண்டு போய் லண்டனிலும் பிரான்சிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று நினைத்தோம்.

நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். சம்பளம் எவ்வளவு என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆகவே வாங்கியது குறைவு. கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் கையில் இருப்பதை வைத்துக் கற்பித்தல் சாதனம் செய்யப் பழகினோம். சிரட்டை, ஓலை, பழைய காட்போட் மட்டை எல்லாம் அப்போது எங்களுக்குப் பாட உபகரணம். அந்தப் பழக்கத்தில்தான் வீட்டையும் செய்தோம். ஆனால் ஒரு பொருளை மட்டும் கையில் காசு இருந்தும் வாங்காமல் வந்தோம். அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தப் பதிவே. முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறோம்.

ஐரோப்பிய நாட்டுப்புறப் பாணி என்று படங்களில் வருவது என்ன? வெள்ளை அடித்த சுவர். பெயின்ற் தேய்ந்த மரச்சாமான். சின்னப் பூப்போட்ட துணி. யன்னலில் ரேந்தை வைத்த திரை. தட்டில் அடுக்கிய நீலப் பூப் பீங்கான். கூடையில் காய்கறி, சாடியில் பூ. பிரான்ஸ், இங்கிலாந்துக் கிராமத்துக் குடியானவர் வீடுகளில் இவையெல்லாம் சிக்கனத்தால் வந்தவை. பாட்டன் செய்வித்த மேசையைப் பேரன் எறியமாட்டான். கறுத்தால் மேலே ஒரு பூச்சுப் பூசுவான். அதுவும் தேயும், கீழே இருந்த நிறம் தெரியும். அந்தத் தேய்வுதான் இப்போது அழகாகிவிட்டது.

அந்தத் தேய்வைக் கடையில் விற்கவும் தொடங்கினார்கள். 1989 இல் ரேச்சல் ஆஷ்வெல் என்ற ஆங்கிலேயப் பெண் அமெரிக்காவின் சாண்டா மோனிகாவில் 'ஷாபி சிக்' என்று பெயர் வைத்து ஒரு கடை திறந்தார். பழைய சாமானும் வெளிறிய துணியும் விற்ற கடை. அந்தப் பெயர் உலகமெல்லாம் பரவியது. இன்று புது மேசையை வாங்கி, அரத்தாள் போட்டுத் தேய்த்துப் பழசாக்கும் வீடியோக்கள் யூரியூப்பில் நிறைய இருக்கின்றன.

எங்களுக்குச் சிரிப்பு வந்த இடம் வேறு. இந்தப் பாணிக்கு வேண்டிய சாமான்களின் பெயர்களை ஒரு கடுதாசியில் எழுதினோம். கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு, யன்னல், ரேந்தை, துவாய், பீரிசு. எழுதிவிட்டுப் பார்த்தால் எல்லாமே போர்த்துக்கேயச் சொற்கள். குசினி என்பதும் அவர்களுடையதுதான். அலுமாரிக்குள் இழுக்கிற லாச்சி ஒல்லாந்தர் தந்த சொல்.

1619 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தார்கள். 1658 இல் ஒல்லாந்தர் வந்தார்கள், 1795 இல் ஆங்கிலேயர். வந்தவர்கள் வரியும் வாங்கினார்கள், கோட்டையும் கட்டினார்கள். அந்தக் கதை பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அவர்கள் போட்ட கதிரையும் மேசையும் எங்கள் திண்ணைக்கும் நாற்சார் முற்றத்துக்கும் பக்கத்தில் வந்து இருந்துவிட்டன. முந்நூறு, நானூறு வருடமாக அவற்றைத் தமிழ்ச் சொல் என்று நினைத்தே பேசுகிறோம். ஐரோப்பியப் பாணியை இன்ரநெற்றில் தேடிக்கொண்டிருந்தோம். அது அம்மம்மாவின் வாயிலும் உம்மும்மாவின் வாயிலும் எப்போதோ இருந்திருக்கிறது.

கூரையைப் பாருங்கள். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகள் பலவற்றில் இருப்பது மங்களூர் ஓடு. ஒன்றோடொன்று கொளுவி நிற்கிற தட்டை ஓடு. பாசல் மிஷன்காரர் 1865 இல் மங்களூரில் அதற்குத் தொழிற்சாலை போட்டார்கள். கொளுவி ஓட்டுக்கு 1841 இல் காப்புரிமை எடுத்தவர்கள் பிரான்சின் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த கிலார்டோனி சகோதரர்கள். பிரெஞ்சுக் கிராமத்தில் மழைக்குப் போட்ட ஓட்டு வகையின் கீழேதான் எங்கள் பெரியவர்கள் நித்திரை கொண்டிருக்கிறார்கள்.

துணிக் கதை மறுபக்கம் போகிறது. அந்தச் சின்னப் பூத்துணி ஐரோப்பாவில் பிறந்ததே இல்லை. சோழமண்டலக் கரையில் சாயம் ஏற்றிய பருத்தித் துணி கப்பலேறிப் போனது. அங்குள்ள பெண்கள் அதற்கு அள்ளுப்பட்டார்கள். உள்ளூர் நெசவுக்காரர் பிழைப்புப் போகிறது என்று சண்டை பிடிக்க, பிரான்ஸ் அரசு 1686 இல் அந்தத் துணியையே தடை செய்தது. 1759 வரைக்கும் தடை. தடை நீங்கிய அடுத்த வருடம், 1760 இல், ஓபர்காம்ப் என்பவர் வெர்சாய்க்குப் பக்கத்தில் ஜூயி என்ற ஊரில் அச்சுத் துணித் தொழிற்சாலை தொடங்கினார். இன்றைக்குப் 'பிரெஞ்சுக் கிராமத்துத் துணி' என்று விலை கூடிய கடைகளில் விற்பது அந்த வழியில் வந்தது. நாங்கள் சீத்தை என்று சொல்லி, மலிவுத் துணி என்று ஒதுக்குவது அதன் மூத்த உறவு.

நீலப் பூப் பீங்கானும் அப்படித்தான். ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துக் குயவர்கள் 17ஆம் நூற்றாண்டில் சீனப் பீங்கானைப் பார்த்து வெள்ளையில் நீலம் தீட்டினார்கள். ஆற்றங்கரை மரமும் பாலமும் பறவையும் போட்ட ஆங்கிலேய 'வில்லோ' தட்டும் சீனத்தைப் பார்த்து வரைந்ததுதான். ஆகவே 'அது அவர்களுடையது, இது எங்களுடையது' என்று பிரித்துக் கோடு போட நாங்கள் போகவில்லை. வீட்டுக்குள் வந்து நின்ற பொருள் வீட்டுக்காரரின் பொருள்.

இனி நாங்கள் செய்ததைச் சொல்கிறோம். யாருக்காவது உதவும்.

சுவர்: சுண்ணாம்பு. குடாநாடே சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கும்போது வாளி வாளியாகப் பெயின்ற் வாங்க மனம் வரவில்லை. நீற்றின சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து வடித்து, சுவரை நனைத்துவிட்டு, மெல்லிசாக மூன்று தடவை அடித்தோம். முதல் நாள் ஒன்றும் தெரியாது. காயக் காயத்தான் வெள்ளை ஏறும். காற்றில் உள்ள கரியமில வாயுவை எடுத்து அது திரும்பவும் கல்லாகிறது. தரம் பத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விஞ்ஞானப் பாடம் கிடையாது. மாரி காலத்து ஈரம் சுவருக்குள் அடைபடாமல் வெளியே வரும். இரண்டு எச்சரிக்கை. பெயின்ற் பூசிய சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது, முதலில் சுரண்ட வேண்டும். கண்ணில் பட்டால் ஆபத்து, பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள்.

திரை: சீத்தை. சாவகச்சேரியில் வெட்டி வாங்கினோம். ஓரத்துக்கு உம்மா கையால் பின்னின ரேந்தை. படத்தில் வருவதுபோல் நிலம் வரைக்கும் தொங்கும் தடித்த திரை எங்களுக்குச் சரிவராது. சோளகக் காற்றில் புழுதி முழுவதும் அதில்தான் குடியிருக்கும். யன்னலில் பாதி உயரத்துக்குத்தான் போட்டோம். மேல்பாதியால் காற்றும் வெளிச்சமும் வரும்.

கூடை: கடகம், குட்டான், பெட்டி. பிரெஞ்சுக்காரர் பிரம்பில் வைத்ததை நாங்கள் பனையோலையில் வைத்தோம். கொடிகாமம் சந்தையில் ஞாயமான விலைக்குக் கிடைக்கும். மாம்பழம் வைத்தால் வீடு முழுக்க வாசம்.

லவெண்டர்: இந்த வெயிலில் அதை வளர்த்துப் பாடுபட வேண்டாம். காய்ந்த வெட்டிவேரைத் துணியில் முடிந்து லாச்சிக்குள் வைத்திருக்கிறோம். பிரான்சின் வாசனைத் தொழிலும் வெட்டிவேர் எண்ணெயைப் பயன்படுத்துகிறது. நாங்கள் ஒரு படி முன்னால் நிற்கிறோம்.

வைக்காதவையும் உண்டு. ஆட்டிடைச்சிப் பொம்மை, பீங்கான் சேவல் போன்ற உருவங்களை எங்கள் வீட்டில் வைப்பதில்லை. பூவும் இலையும் கொடியும் போதும். கம்பளம் இல்லை. நெருப்பு மூட்டுகிற மாடம் மாதிரி ஒன்றைச் சுவரில் கட்டித் தரலாம் என்று ஒரு மேசன் அண்ணர் சொன்னார். "அண்ணை, கொடிகாமத்தில நெருப்பு வேண்டியது குசினிக்கு மட்டும்தான்" என்றோம். அவரும் சிரித்துவிட்டார்.

இப்போது அலுமாரிக்கு வருகிறோம்.

இந்தப் பாணிக்கு நடுநாயகம் ஒரு பழைய அலுமாரி. அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் துணியும் வெள்ளையும். பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் நல்லதொன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். முதிரை மரம். இரண்டு கதவு, கீழே இரண்டு லாச்சி, பித்தளைப் பிடி. அளவும் எங்கள் சுவருக்கென்றே செய்ததுபோல் இருந்தது. விலையையும் எங்களால் தாங்கக்கூடிய அளவுக்கு இறக்கித் தந்தார். காசும் கையில் இருந்தது.

கதவைத் திறந்தோம். உட்பக்கத்தில் பென்சிலால் பால் கணக்கு எழுதியிருந்தது. நாளுக்கு ஒரு கோடு. நாலு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது. கடைசி வரிசையில் மூன்று கோடு இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"இது ஆரின்ர அலுமாரி?" என்று கேட்டோம்.

"ஆளில்லாத வீட்டுச் சாமான் ரீச்சர். கனகாலம் முந்தி வந்தது. இவ்வளவு நாளில ஒருத்தரும் இதைக் கேக்கேல்லை."

அவரில் பிழை சொல்ல எங்களுக்கு ஒன்றுமில்லை. அவருக்கும் அது நாலைந்து கை மாறி வந்தது. தேவைக்காகத் தங்கள் சொந்தச் சாமானை விற்றவர்களும் எங்கள் ஊர்களில் எத்தனையோ பேர். அது ஞாயமான வியாபாரம். ஆனால் அந்த மூன்று கோட்டைப் பார்த்த பிறகு எங்களுக்குக் கை வரவில்லை.

ஏன் என்று வெளியூர் நண்பர்களுக்கு விளங்காமல் இருக்கலாம். உங்களுக்கு விளங்கும்.

எங்கள் இருவரின் பெற்றோரும் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள். ஒரு குடும்பம் சாவகச்சேரி, மற்றது யாழ்ப்பாண நகரம். அப்போது எங்களில் ஒருவர் கைக்குழந்தை, மற்றவர் பிறக்கவே இல்லை. வளர்ந்தது புத்தளத்தில், கிடுகுக் கொட்டிலில். எங்களுக்கு நினைவு தெரிந்த முதல் தளபாடம் ஒரு றங்குப்பெட்டி. அதற்குமேல் பாயை விரித்தால் மேசை, ஏறி இருந்தால் கதிரை.

உம்மா வீட்டை விட்டு இறங்கும்போது அலுமாரியைப் பூட்டவில்லையாம். திறப்பை அதிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறா. "பூட்டினா உடைப்பாங்கள். பூட்டாட்டி மரமாவது தப்பும்" என்பது அவவின் கணக்கு. 2009 க்குப் பிறகு போய்ப் பார்த்தபோது அலுமாரி மட்டுமல்ல, அது நின்ற அறைக்குக் கதவும் இல்லை, நிலையும் இல்லை, ஓடும் இல்லை. சுவரில் மட்டும் அலுமாரி நின்ற இடம் வேறு நிறமாக இருந்ததாகச் சொன்னா.

இது எங்களுக்கு மட்டும் நடந்தது என்று நாங்கள் ஒருபோதும் சொல்லமாட்டோம். யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேறியது 1990 ஒக்டோபர் 30. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30 அன்று, வலிகாமத்துச் சனம் முழுவதும் வீடுகளைப் போட்டதுபோட்டபடி விட்டுவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்து வந்தது. இந்தக் கொடிகாமத்து வளவுகளில் எத்தனை குடும்பங்கள் மரத்துக்குக் கீழே சமைத்துச் சாப்பிட்டன என்பது இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும். 2000 ஆம் ஆண்டு சண்டை சாவகச்சேரிக்கு வந்தபோது, இடம் கொடுத்த தென்மராட்சிச் சனமே இடம்பெயர்ந்தது. யாருடைய வீட்டுக் கதவு யாருடைய வீட்டு நிலையில் மாட்டியிருக்கிறது என்று இன்றைக்குக் கணக்கெடுத்தால் ஒருவராலும் கூட்டி முடிக்க முடியாது.

படங்களில் வரும் ஐரோப்பியக் கிராமத்து வீட்டில் பழைய சாமான் அழகாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அது அந்த வீட்டிலேயே பழசானது. பாட்டன் செய்வித்தது, பேத்தி துடைக்கிறா. எங்கள் நாட்டில் பழைய சாமானைக் கண்டால் முதலில் ஒரு வீடு நினைவுக்கு வருகிறது. அது எந்த வீடு என்று தெரியாமல் அதை எங்கள் வெள்ளைச் சுவரோடு சாத்திவைத்து, பக்கத்தில் பூச்சாடி வைத்துப் படம் எடுக்க எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. வாங்கியவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இது எங்கள் மனசின் கணக்கு மட்டும்.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் ரேந்தை பின்னிக்கொண்டிருந்தா. பிறகு சொன்னா: "எங்கட அலுமாரியும் இப்ப எங்கயாவது ஒரு வீட்டில நிக்கும் தானே. அதுக்குள்ள ஆரும் பிள்ளையள்ட உடுப்பு அடுக்கி வச்சிருந்தா நல்லம். சும்மா கடையில நிண்டு கறையான் அரிக்காமல் இருந்தாச் சரி."

நாங்கள் அந்த அளவுக்கு இன்னும் வரவில்லை. உம்மாவுக்கு முப்பது வருடத்துக்கு மேல் எடுத்திருக்கிறது.

அலுமாரிக்கு வேறு வழி தேடினோம். பலா நல்ல மரம். மஞ்சளாக இருந்து நாட்பட நாட்படக் கறுக்கும். ஆனால் அதைத் தறிக்க அனுமதி வேண்டும். 1951 ஆம் ஆண்டுச் சட்டம். பெண்பனைக்கும் அப்படித்தான். காய்க்கிற மரத்தைத் தறிக்க எங்களுக்கும் விருப்பமில்லை. அந்த நேரம் மாரிக் காற்றுக்கு அயல்வளவு அக்காவின் வேப்பமரம் விழுந்தது. அவவின் அப்பா வைத்த மரம். விறகுக்கு விற்கப் போனவவிடம் கேட்டோம். "எரிக்கிறதை விட உங்கட வீட்டில நிண்டால் எனக்குச் சந்தோசம், அப்பாவின்ர மரமெல்லே" என்றா. காசு வாங்க மறுத்தா. அரிவுக் கூலியையாவது நாங்கள் கொடுத்தோம். பலகை அரிந்து, நிழலில் மாதக்கணக்கில் அடுக்கிக் காயவிட்டோம். வேம்பு பூச்சிக்கு இலேசில் விட்டுக்கொடுக்காது.

ஓடாவியார் ஒருவர் ஆறுதலாகச் செய்து தந்தார். இரண்டு கதவு, கீழே இரண்டு லாச்சி. "வெள்ளை பூசித் தேய்ச்சு விடவோ, இப்ப எல்லாரும் அப்பிடித்தான் கேக்கினம்" என்றார். வேண்டாம் என்றோம். எண்ணெய் மட்டும் பூசியது. அலுமாரி இப்போது புதுசாகத்தான் இருக்கிறது. படத்தில் பார்த்தவர்கள் 'அது மட்டும் செற் ஆகேல்லை' என்று சொன்னார்கள். உண்மைதான். இருபது, முப்பது வருடம் போகட்டும். எங்கள் பிள்ளைகள் அடித்துச் சாத்தும் கதவு தானாகத் தேயும்.

அலுமாரியின் பின்பலகையில் ஓடாவியாரைக் கொண்டே எழுதுவித்தோம்: மரம் யாருடைய வளவில் நின்றது, யார் வைத்தது, எந்த மாரியில் விழுந்தது, செய்தவர் பெயர், செய்வித்தவர்கள் பெயர், வருடம். சுவரோடு சாத்தினால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் இருக்கிறது.

இந்தப் பதிவை வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய அலுமாரி, வாங்கு, பெட்டகம், சாய்மனைக் கதிரை எது நின்றாலும், ஒரு நாள் அதைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதுங்கள். யார் செய்வித்தது, எந்த ஊர், யாருடைய கல்யாணத்துக்கு வந்தது, எந்த இடப்பெயர்வில் எங்கே நின்றது. பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பேனா அழியும், பென்சில் நல்லது. உங்கள் வீட்டுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாத பொருளாக இருந்தால், 'எங்களிடம் இந்த வருடம் வந்தது' என்றாவது எழுதிவையுங்கள். நாளைக்கு அதைத் தேடி யாராவது வந்தால் ஒரு நூல்முனையாவது கிடைக்கும்.

வகுப்புப் பிள்ளைகளுக்கும் இதை வீட்டுவேலையாகக் கொடுத்திருக்கிறோம். வீட்டில் உள்ள ஆகப் பழைய பொருள் எது, அது யாருடையது, பத்து வரிகள். கொப்பிகள் வரத் தொடங்கிவிட்டன. ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது: "எங்கட வீட்டில் ஒரு வாங்கு இருக்கிறது. அது எங்கட இல்லை. இடம்பெயர்ந்து வந்து எங்கட வளவில் இருந்த ஆக்கள் விட்டுட்டுப் போனது. அப்பம்மா அதை ஒருத்தருக்கும் குடுக்க விடமாட்டா. அவை வருவினம் எண்டு சொல்லுறா."

அந்த வாங்கு யாருடையது என்று தெரிந்தவர்கள் இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். 1995 இல் வலிகாமத்தால் வந்து கொடிகாமத்தில் இருந்தவர்கள். பலாப் பலகை, நாலு கால், ஒரு பக்கக் கைபிடி உடைந்து கம்பி சுற்றியிருக்கிறது. அப்பம்மா இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறா.